பி.யூ.சி. லேபிலிருந்து பிளஸ் டூ லேப் வரை

மலர்க்குழுத் தம்பிகள் கட்டுரை கேட்டு வந்தபோது, "ஹாஸ்டல் கலாட்டா, ஸ்டிரைக், அந்தக் காலத்து சினிமா, இப்படி ஏதாவது எழுதிக் குடுங்க சார்" என்றார்கள். அதையெல்லாம் எழுத என்னைவிடத் தகுதியான நண்பர்கள் நம் சங்கத்தில் நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் 1967 ஜூனில் நம் கல்லூரியில் பி.யூ.சி. சேர்ந்து, 1971-இல் பி.எஸ்சி. இயற்பியல் முடித்து வெளியேறியவன். பிறகு எம்.எஸ்சி., பி.எட். படித்து, 1974 முதல் 2009 வரை அரசுப் பள்ளிகளில் வாத்தியார் வேலை. என் வாழ்நாளில் பெரும்பகுதி லேபிலும், லேப் இல்லாத இடத்தில் லேப் இருப்பதாகக் காட்டிக்கொள்வதிலும் கழிந்துவிட்டது. ஆகவே பள்ளிக்கூடத்து ஆய்வகத்தின் கதையைத்தான் என்னால் எழுத முடியும். இதில் கொஞ்சம் சரித்திரமும் இருக்கும், கொஞ்சம் என் புலம்பலும் இருக்கும். இப்போது படித்துக்கொண்டிருக்கும் மாணவச் செல்வங்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நான் எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தது ஆற்றங்கரைக் கிராமத்துப் பள்ளியில். அப்போது எஸ்.எஸ்.எல்.சி. என்றால் பதினோராம் வகுப்பு. விஞ்ஞான சாமான்கள் எல்லாம் தலைமையாசிரியர் அறையில் ஒரு மர அலமாரிக்குள் இருந்தன. ஒரு லாடக் காந்தம், இரண்டு தெர்மாமீட்டர், ஒரு கண்ணாடி முப்பட்டகம், பித்தளைத் தராசு ஒன்று. வெளியே நின்று கண்ணாடி வழியாகப் பார்த்திருக்கிறோம். விஞ்ஞான ஆசிரியர் மிக நல்லவர், படம் வரைவதில் மன்னன். பொட்டாசியம் குளோரேட்டையும் மாங்கனீஸ் டை ஆக்ஸைடையும் சூடாக்கி ஆக்ஸிஜன் தயாரிக்கும் படத்தைக் கலர் சாக்பீஸில் வரைந்தாரென்றால் அழிக்க மனசு வராது. அந்தப் படத்தை நானும் நூறு தடவையாவது வரைந்திருப்பேன். ஆனால் ஆக்ஸிஜனில் ஒரு குமிழியைக்கூடப் பார்க்காமல்தான் எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் செய்தேன். நல்ல மார்க் வேறு.

பி.யூ.சி.யில் சேர்ந்ததும் தமிழ் மீடியத்துப் பையன்கள் பட்ட பாடு என் வகுப்புத் தோழர்களுக்கு நினைவிருக்கும். பாடமெல்லாம் ஆங்கிலம். முதல் ஒரு மாதம் லெக்சர் ஹாலில் எனக்குப் புரிந்த ஒரே சொல் என் வருகைப்பதிவு எண். ஊருக்கே திரும்பிப் போய்விடலாமா என்றுகூட நினைத்தேன். என்னைப் பிடித்து நிறுத்தியது கெமிஸ்ட்ரி லேப்தான்.

கிப் கருவியிலிருந்து வரும் அழுகிய முட்டை வாசனை மைதானம் வரைக்கும் வீசும். ஆளுக்கொரு பியூரெட், ஆளுக்கொரு பிப்பெட், ஆளுக்கொரு கூம்புக் குடுவை. "ஆளுக்கொரு" என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். பின்னால் அதற்கு வருகிறேன். பினால்ப்தலீன் இரண்டு சொட்டு விட்ட அமிலத்தில் காரத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டே போக வேண்டும். இருபது மில்லி வரை ஒன்றும் நடக்காது. தண்ணீர் மாதிரியே இருக்கும். அப்புறம் ஒரே ஒரு சொட்டு. குடுவை முழுக்க இளஞ்சிவப்பு. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. மறுபடி செய்தேன். அதே அளவில் அதே நிறம். மூன்றாம் தடவையும் அப்படியே. போர்டில் எழுதிப்போட்டிருந்த V1N1 = V2N2 என்ற சமன்பாடு எதைச் சொல்கிறது என்பது அந்த மத்தியானம் எந்த மொழியின் உதவியும் இல்லாமல் எனக்குப் புரிந்தது. அதற்கப்புறம் லெக்சரிலும் ஆங்கிலம் கொஞ்சம் கொஞ்சமாக வழிவிட்டது. எதைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று தெரிந்துவிட்டால் சொல்லை ஊகித்துக்கொள்ளலாம் அல்லவா?

லேப் அட்டெண்டர் அண்ணாச்சியை மறந்துவிட்டு நான் இதை எழுத முடியாது. எட்டாம் வகுப்போ என்னவோ படித்தவர். அடர் அமிலத்தில் தண்ணீர் ஊற்றப் போன என் கையை எட்டிப் பிடித்து, "ஏலே, ஆசிட்ல தண்ணிய ஊத்தப்புடாது, தண்ணியிலதாம்ல ஆசிட்ட ஊத்தணும்! மூஞ்சி வெந்து போயிரும்" என்று அவர் போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. அந்த வருஷம் நான் ஒரு பியூரெட்டை உடைத்தேன். பிரேக்கேஜ் கணக்கில் எழுதி, காஷன் டெபாசிட்டில் கழித்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். புது பியூரெட் அன்றைக்கே கைக்கு வந்தது. யாரும் என்னைக் குற்றவாளியாகப் பார்க்கவில்லை.

மாணவன் தானே செய்து பார்க்கும் இந்த ஏற்பாடு எங்கிருந்து வந்தது என்பதைப் பிற்பாடுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். பேராசிரியர் மேடையில் நின்று செய்து காட்ட, மாணவர்கள் எட்ட உட்கார்ந்து பார்ப்பதுதான் ஐரோப்பாவிலும் பழைய வழக்கம். ஜெர்மனியில் கீஸன் பல்கலைக்கழகத்துக்கு 1824-இல் 21 வயதில் பேராசிரியராகப் போன யுஸ்டஸ் லீபிக், மாணவர்களை மேஜைக்கு வரவழைத்து அவர்கள் கையாலேயே பகுப்பாய்வு செய்ய வைத்தார். கீஸனில் பழகியவர்கள் பல நாடுகளுக்கும் போய் அதே மாதிரி லேப் அமைத்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் இங்கிலாந்தில் ஆர்ம்ஸ்ட்ராங் என்ற வேதியியலார் இதைப் பள்ளிக்கூடத்துக்கும் கொண்டுவர வேண்டுமென்று மல்லுக்கு நின்றார். ஹூரிஸ்டிக் முறை என்று பி.எட். படித்தவர்கள் எல்லோரும் எழுதியிருப்போம். மாணவன் தானே கண்டுபிடித்துக் கற்க வேண்டும் என்ற அந்த முறையை நாங்கள் நோட்ஸைப் பார்த்து மனப்பாடம் செய்துதான் எழுதினோம் என்பது வேறு கதை.

நம் பக்கத்துக் கதை ஒன்றும் உண்டு. 1903-இல் பதினான்கு வயதுப் பையனாகச் சென்னை மாநிலக் கல்லூரியில் சேர்ந்த சி.வி. ராமன், அங்கே பி.ஏ. முடித்து எம்.ஏ. படித்துக்கொண்டிருந்தபோது ஒரு சாதாரணச் செய்முறையைச் செய்துகொண்டிருந்தார். ஸ்பெக்ட்ராமீட்டரை வைத்து முப்பட்டகத்தின் கோணம் அளப்பது. நம் இயற்பியல் துறையில் படித்த அத்தனை பேரும் செய்ததுதான். ஒளி மிகச் சாய்வாகப் பட்டுத் திரும்பும்போது தெரிந்த விளிம்புப் பட்டைகள் இருபுறமும் ஒரே மாதிரி இல்லை என்பது அவர் கண்ணில் பட்டது. கோணத்தை எழுதிக்கொண்டு போய்விடாமல் அதையே பிடித்துக்கொண்டார். 1906-இல், 18 வயதில், லண்டனிலிருந்து வந்த 'பிலசாஃபிகல் மேகஸின்' இதழில் அவருடைய முதல் ஆராய்ச்சிக் கட்டுரை அதைப் பற்றித்தான் வெளிவந்தது. அந்தக் கல்லூரி அன்றைக்கு ஆராய்ச்சி நிலையமாக இருக்கவில்லை. பாடம் நடத்தும் லேப்தான். ஆனால் பேராசிரியர் ஜோன்ஸ் அந்தப் பையனை அவன் போக்கில் விட்டிருந்தார். பிறகு கல்கத்தாவில் நிதித் துறை உத்தியோகம், ஆபீஸ் நேரம் போக மகேந்திரலால் சர்க்கார் 1876-இல் நிறுவிய சங்கத்தின் லேப், 1928 பிப்ரவரி 28, 1930-இல் நோபல் பரிசு என்று நீண்டது அந்தப் பாதை. ராமன் மாதிரி மூளை எல்லோருக்கும் வாய்க்காதுதான். ஆனால் கருவி பூட்டிய பீரோவுக்குள் இருந்திருந்தால் அந்த மூளையும் அந்தப் பட்டைகளைப் பார்த்திருக்காது.

இனி 1978-க்கு வருகிறேன். 1964 முதல் 1966 வரை செயல்பட்ட கோத்தாரிக் கமிஷன் யோசனையை ஒட்டி வந்த 10+2+3 திட்டம், தமிழ்நாட்டில் 1978 ஜூனில் பிளஸ் ஒன்னாகத் தொடங்கியது. முதல் பிளஸ் டூ பொதுத்தேர்வு 1980 மார்ச்சில். பி.யூ.சி. மறைந்தது. அதாவது அதுவரை கல்லூரி லேபில் நடந்த செய்முறை வகுப்புகள் ஒரேயடியாகப் பள்ளிக்கூடத்தின் தலையில் வந்து விழுந்தன. கல்லூரியில் கேஸ் இணைப்பு இருந்தது, தண்ணீர்க் குழாய் இருந்தது, அட்டெண்டர் அண்ணாச்சி இருந்தார். பையன்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்தார்கள். இவையெல்லாம் கூட வரவில்லை.

பிளஸ் டூவே தப்பு என்று நான் சொல்லமாட்டேன். கிராமத்துப் பெண் பிள்ளைகள் எத்தனை பேர் உள்ளூரிலேயே இன்னும் இரண்டு வருஷம் படிக்க முடிந்தது! பி.யூ.சி.க்காக டவுனுக்கு அனுப்ப மனமில்லாத பெற்றோர், பக்கத்துப் பள்ளிக்கூடம் என்றால் சரி என்றார்கள். அந்த நன்மையைக் கண்ணால் பார்த்தவன் நான்.

ஆனால் லேப்? புதிதாக மேல்நிலைப் பள்ளியாகத் தரம் உயர்ந்த ஒரு பள்ளிக்கு நான் முதுகலை ஆசிரியராகப் போய்ச் சேர்ந்தபோது, வகுப்பறை ஒன்றில் பெஞ்சுகளை ஒதுக்கிவிட்டு அதற்கு லேப் என்று பெயர் வைத்திருந்தார்கள். தண்ணீர் கிணற்றிலிருந்து வாளியில் வரும். கெமிஸ்ட்ரிக்கு ஸ்பிரிட் விளக்கு. ஸ்பிரிட் தீர்ந்தால் மண்ணெண்ணெய் ஸ்டவ். ஒரு நாள் அம்பாலாவிலிருந்து மரப்பெட்டிகள் வந்து இறங்கின. வைக்கோலுக்குள் ஸ்பெக்ட்ராமீட்டர் இரண்டு, மீட்டர் பிரிட்ஜ், சோனாமீட்டர், டேஞ்சன்ட் கால்வனாமீட்டர். கல்யாணச் சீர் பிரிப்பதுபோலப் பிரித்தோம். பிரித்துப் பார்த்து, இருப்புப் பதிவேட்டில் ஏற்றி, பீரோவில் வைத்துப் பூட்டினோம்.

ஏன் பூட்டினோம் என்பதைச் சொன்னால்தான் வெளியில் இருப்பவர்களுக்கு விளங்கும். பதிவேட்டில் ஏறிய ஒவ்வொரு சாமானுக்கும் பொறுப்பாசிரியர்தான் ஜவாபு. ஒரு லென்ஸ் காணாமல் போனாலோ ஒரு பீக்கர் உடைந்தாலோ தணிக்கைக்கு வருகிறவர் தடை எழுதிவிட்டுப் போவார். அதைக் கழிவு செய்ய மேலிடத்துக்கு எழுதி, பதில் வர வருஷக்கணக்காகும். ரிட்டயர் ஆகும்போது பாக்கியில்லை என்ற சான்று வாங்க நாயாய் அலைய வேண்டும். அப்படி அலைந்த மூத்த ஆசிரியர் ஒருவர் எனக்குச் சொன்ன முதல் புத்திமதியே, "தம்பி, சாவியை மட்டும் யார்ட்டயும் குடுத்துராதீங்க" என்பதுதான். நம் கல்லூரியில் பிரேக்கேஜ் என்று ஒரு வரியில் முடிந்த சங்கதி, பள்ளிக்கூடத்தில் ஆசிரியரின் பென்ஷனோடு முடிச்சுப் போட்டுக்கொண்டது. அலமாரிக்குள் கருவி பத்திரமாக இருந்தது. பையன்கள் கையில் எதுவும் இல்லை.

வருஷக் கடைசியில் செய்முறைத் தேர்வு வரும். 200 மார்க்கில் எழுத்துத் தேர்வுக்கு 150, செய்முறைக்கு 50. நாற்பத்தெட்டுப் பேருக்கு இரண்டு ஸ்பெக்ட்ராமீட்டர். எட்டுப் பேர் சுற்றி நிற்க, துணிச்சலான பையன் ஒருவன் தொடுவான், மற்றவர்கள் அவன் சொல்லும் அளவீட்டை எழுதிக்கொள்வார்கள். பெண் பிள்ளைகள் பெரும்பாலும் எழுதுகிற பக்கம்தான். ஊசல் பரிசோதனையில் g மதிப்பு 980 வர வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். 980-இலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு அலைவு நேரத்தை எழுதுவார்கள். ரெக்கார்டு நோட்டு அண்ணன் நோட்டைப் பார்த்து எழுதியது. வெளித்தேர்வாளருக்குச் சாப்பாடு நல்ல ஓட்டலிலிருந்து. எல்லோருக்கும் ஐம்பதுக்கு ஐம்பது அல்லது நாற்பத்தொன்பது. இதெல்லாம் யாரோ செய்தது என்று நான் எழுதவில்லை. நானே செய்தேன். மற்றப் பள்ளிப் பிள்ளைகளுக்கு முழு மார்க் கிடைக்கும்போது நம் பிள்ளைகள் மட்டும் ஏன் குறைய வேண்டும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். 1984-இல் தொழிற்கல்விக்கு நுழைவுத் தேர்வு வந்த பிறகு, லேப் பீரியடையும் கணக்குப் போடுவதற்கு எடுத்துக்கொண்டோம்.

1991 பொங்கல் லீவில், என்னிடம் படித்து ஐம்பதுக்கு ஐம்பது வாங்கி இன்ஜினியரிங் சேர்ந்திருந்த பையன் வீட்டுக்கு வந்தான். கரும்பு கொண்டுவந்திருந்தான். பேச்சு வாக்கில் மெதுவாகச் சொன்னான்: "சார், மொத லேப்ல வெர்னியர் காலிப்பரைக் கையில குடுத்தாங்க சார். எப்படிப் புடிக்கிறதுன்னே தெரியல. பக்கத்துல இருந்தவங்க சிரிச்சிட்டாங்க." குற்றம் சொல்லும் தொனி அவனிடம் கொஞ்சம்கூட இல்லை. அதுதான் எனக்கு உறுத்தியது. அன்று இரவு சரியாகத் தூங்கவில்லை.

மறு வாரம் டவுனுக்குப் போய் என் சொந்தக் காசில் குவிலென்ஸ் ஒரு டஜன் வாங்கினேன். சொந்தக் காசில் வாங்கியது ஏன் என்றால், அது பதிவேட்டில் ஏறாது. உடைந்தால் என்னோடு போகட்டும். நாலு பேருக்கு ஒரு லென்ஸ் வீதம் கொடுத்து, ஜன்னலுக்கு எதிரே சுவரில் வெள்ளைத்தாள் ஒட்டி, வெளியே நிற்கும் வேப்ப மரத்தின் பிம்பத்தை விழவைக்கச் சொன்னேன். குவிதூரம் காண மிகச் சுலபமான வழி. தாளில் மரம் தலைகீழாக, பச்சைப் பசேலென்று, இலை அசைய அசைய விழுந்தபோது வகுப்பு முழுக்க ஒரே சத்தம். பக்கத்து வகுப்பு ஆசிரியர் வந்து எட்டிப் பார்த்தார்.

கடைசி வரிசையில் எப்போதும் வாய் திறக்காத பெண் ஒருத்தி எழுந்து கேட்டாள்: "சார், லென்ஸ்ல பாதிய அட்டையால மறைச்சா பாதி மரந்தானே தெரியும்?" ஆமாம் என்று முக்கால்வாசிப் பேர். மேல்பாதி போகும் என்று ஒரு கட்சி, தலைகீழாக இருப்பதால் கீழ்பாதி போகும் என்று இன்னொரு கட்சி. எம்.எஸ்சி. படித்த எனக்கு விடை தெரிந்திருக்க வேண்டும். தெரியும்தான், ஆனால் ஒரு தடவைகூட நான் செய்து பார்த்ததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. செய்தோம். மரம் முழுசாகவே தெரிந்தது, வெளிச்சம் மட்டும் மங்கியது. ஒரு நிமிஷம் யாரும் பேசவில்லை. பிறகு, மரத்தின் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் கிளம்பும் ஒளி லென்ஸ் முழுவதிலும் படுகிறது, மறைக்காத பாதி வழியாக வருவதே பிம்பத்தை முழுசாக அமைக்கப் போதும் என்பதை அவர்களே பேசிப் பேசி எட்டினார்கள். நான் போர்டில் போடும் கதிர்ப்படத்தில் இரண்டே இரண்டு கதிர்தான் வரைவேன். அந்த இரண்டு கதிர்தான் பிம்பத்தை உண்டாக்குகிறது என்று பிள்ளைகள் இத்தனை வருஷமாக நினைத்துவந்திருக்கிறார்கள். இது எந்த விடைத்தாளிலும் எனக்குத் தெரிந்ததில்லை, ஏனென்றால் விடைத்தாளில் எல்லோரும் அந்தப் படத்தைச் சரியாகவே வரைந்தார்கள்.

அந்த ஆண்டு பிள்ளைகள் மார்க் கூடிவிட்டதா என்று கேட்பீர்கள். இல்லை. வழக்கமான தேர்ச்சிதான். கேள்வித்தாள் இதைக் கேட்கவில்லையே! லேப் இருந்தால் பிள்ளைகள் நன்றாகப் படிக்கிறார்களா என்று மார்க்கை வைத்து அளந்து பார்க்கிறவர்கள் இந்த இடத்தில்தான் ஏமாந்துபோகிறார்கள் என்பது என் அபிப்பிராயம்.

இதை நம் நாட்டிலேயே சிலர் முன்கூட்டிப் புரிந்துகொண்டிருந்தார்கள். மத்தியப் பிரதேசத்தில் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 1972-இல் 16 நடுநிலைப் பள்ளிகளில் ஒரு விஞ்ஞானத் திட்டம் தொடங்கி, 1978-இல் மாவட்டம் முழுவதற்கும் பரவியது. பிள்ளைகள் சிறு குழுக்களாக உட்கார்ந்து பெட்டியிலுள்ள சாமான்களை வைத்துத் தாங்களே செய்து பார்ப்பார்கள். அதைவிட முக்கியம், பரீட்சையையும் மாற்றினார்கள்: புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு எழுதலாம், செய்முறைக்கும் தனித் தேர்வு உண்டு. மனப்பாடம் அங்கே செல்லாக் காசு. அங்கே போய்ப் பழகிய அரவிந்த் குப்தா, சைக்கிள் வால்வ் டியூபையும் தீக்குச்சியையும் வைத்து உருவங்கள் செய்து காட்டியது பிற்பாடு நாடெங்கும் பரவியது. முப்பது ஆண்டுகள் நடந்த அந்தத் திட்டத்தை 2002-இல் அந்த மாநில அரசு நிறுத்திவிட்டது. நம் பக்கத்தில் 1980-இல் தோன்றிய தமிழ்நாடு அறிவியல் இயக்கமும், 1987 முதல் வந்த 'துளிர்' இதழும் என்னைப் போன்ற ஆசிரியர்களுக்குக் கை கொடுத்தன. நான் அதிகம் புரட்டிய இன்னொரு புத்தகம் யுனெஸ்கோ 1956-இல் வெளியிட்ட விஞ்ஞானச் செய்முறைத் தொகுப்பு. அதன் மூலம் 1948-இல் வந்த சிறு நூல். இரண்டாம் உலகப் போரில் பள்ளிக்கூடமே இடிந்துபோன நாடுகளின் ஆசிரியர்களுக்காக ஸ்டீவன்சன் என்ற இங்கிலாந்துப் பள்ளி ஆசிரியர் எழுதியது. தகர டப்பாவிலும் காலிப் புட்டியிலும் லேப் நடத்தும் வழியெல்லாம் அதில் உண்டு. குண்டு விழாத எங்கள் ஊருக்கும் அது நன்றாகவே பொருந்தியது.

இப்போதைய நிலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சமச்சீர்க் கல்விக்குப் பின் பத்தாம் வகுப்பிலேயே அறிவியல் செய்முறைக்கு 25 மார்க் வந்தது, நல்ல காரியம். பிளஸ் டூவில் நூறு மார்க்கில் எழுத்து 70, செய்முறை 20, அகமதிப்பீடு 10 என்று ஆகிவிட்டது. 2007-இல் நுழைவுத் தேர்வு போய், 2017-இல் நீட் வந்தது. இரண்டுமே கட்டத்தை நிரப்பும் தேர்வுதான், பியூரெட்டுக்கு அங்கே வேலையில்லை. ஹைடெக் லேப் என்று கம்ப்யூட்டர் அறைகள் வந்திருக்கின்றன. பள்ளிக்கூடத்தில் லேப் எங்கே என்று கேட்டால் பிள்ளைகள் இப்போது அந்த அறையைத்தான் காட்டுகிறார்கள். திரையில் டைட்ரேஷன் பார்த்தேன், அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அதில் ஒரு சொட்டுக் கூடிப்போய் அடர்சிவப்பாகி, எல்லாவற்றையும் கொட்டிவிட்டு முதலிலிருந்து தொடங்கும் எரிச்சல் இல்லை. நான் படித்தது அந்த எரிச்சலில்தான்.

கடைசியாக ஒரு விஷயம். சங்கத்தின் சென்ற கூட்டத்தில், சேர்ந்திருக்கும் நிதியைக் கொண்டு கல்லூரி வாசலில் நினைவு வளைவு கட்டலாம் என்று சிலர் சொன்னார்கள். நான் எழுந்து மறுத்துப் பேசியது சில நண்பர்களுக்கு வருத்தம் என்று கேள்விப்பட்டேன். வளைவு வேண்டாம் என்றில்லை. கல்லூரிக்குப் பக்கத்திலேயே இருக்கும் அரசு மேல்நிலைப் பள்ளியின் லேபை இரண்டு மாதத்துக்கு முன் போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தேன், அதனால்தான் பேசினேன். கருவிகள் இருக்கின்றன. தண்ணீர்க் குழாய் இல்லை, உடைந்தால் வாங்கிக்கொடுக்க ஆளும் இல்லை. ஆகவே பியூரெட் இரண்டு டஜன், பிப்பெட் இரண்டு டஜன், குவிலென்ஸ் மூன்று டஜன், வெர்னியர் காலிப்பர் ஒரு டஜன், சின்டெக்ஸ் தொட்டியுடன் குழாய் இணைப்பு, இதோடு ஆண்டுதோறும் உடைசலுக்கென்று ஒரு சிறு தொகை. இவை சங்கத்தின் சொத்தாகவே இருக்க வேண்டும், பள்ளிப் பதிவேட்டில் ஏற்றக் கூடாது என்றும் சேர்த்து எழுதி, பட்டியலைச் செயலாளரிடம் கொடுத்திருக்கிறேன். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின் நடக்கும் பொதுக்குழுவில் அது வாக்கெடுப்புக்கு வருகிறது. பேட்ச் போட்டோ எடுத்ததும் கிளம்பிவிடாமல் நண்பர்கள் இருந்து கை தூக்கிவிட்டுப் போகும்படி கேட்டுக்கொள்கிறேன்.